பேட்டர்ன்

ஆம்பூரில் 'பேட்டர்ன்' என்றால் தோல் வெட்டுவதற்கான அட்டை வடிவம். ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களின் உலகில், வளையமும் உருளலும் வகுத்த வரிசையில் பறந்து காட்டும் விமானம். 1977இல் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னருக்கு உலகப் பட்டம் பெற்றுத் தந்தது 'குராரே'. தென்னமெரிக்கர் அம்பில் தடவும் நஞ்சின் பெயர். பெயரில் மயங்குவது தமிழாசிரியனின் பலவீனம்.

அதன் சாயலில் நானே ஒன்று செய்யத் தொடங்கினேன். காலணித் தொழிற்சாலையில் முப்பதாண்டுகள் தோல் வெட்டிய அப்பா, பால்சா பலகையை விரலால் தடவி, "தோலு மாதிரிதான்டா, இழுக்கிற பக்கம் பாத்து வெட்டணும்" என்றார். இடப்பக்க இறக்கையின் விலாச்சட்டங்கள் முடிந்தபோதே அவர் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வலப்பக்கத்தை நான் வெட்டினேன். எடை கூடிவிட்டது. பாலாற்று மணலில் முதல் பறத்தலிலேயே வலப்புறம் சாய்ந்து நொறுங்கியது.

இப்போது என்னிடம் இருப்பது, ஒரே மாலையில் திருகாணி முடுக்கிப் பூட்டிய ஆயத்த விமானம். உண்மையில் நான் செய்ததைவிட நேராகவே பறக்கிறது. விழுந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அப்பா இன்று இல்லை. அவர் வெட்டிய இடப்பக்க இறக்கை பரணில் இருக்கிறது. அதற்கு இணை வெட்டப் பலகை வாங்கி வைத்து ஓராண்டாகிறது.