எடுத்துச்செல்லக் கூடிய அளவு

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், பழைய கணினிகள் வன்னிக்கும் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று மன்னார் - பூநகரி வீதியிலுள்ள பாப்பாமோட்டையை அடைந்தது. அதை வைத்திருந்த இளைஞர், ஊரவர்க்குக் காணிக் கடிதங்களையும் விண்ணப்பங்களையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொடுப்பவர். வன்தட்டின் கொள்ளளவு 4 கிகாபைட். "எப்படிப் பிரிக்கலாம், ஐயா?" என்று கேட்டார். பத்திரிகை அலுவலகத்தில் இத்தகைய கணினிகளோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கலாம்.

அங்கே மின்பிறப்பாக்கிதான் துணை. அது திடீரென நின்றால் கணினியும் நிற்கும். அடிக்கடி அப்படி நேர்ந்தால் விண்டோஸ் 98 பழுதாகும். அப்போது சி பகுதியை அழித்து இயங்குதளத்தை மீள நிறுவ வேண்டும். கடிதங்களும் அங்கேயே இருந்தால் அவையும் போய்விடும். ஆகவே சி பகுதிக்கு 2 கிகாபைட் ஒதுக்கச் சொன்னேன். இயங்குதளம் சில நூறு மெகாபைட்டுகளில் அடங்கும், மீதி மென்பொருள்களுக்கு.

பெரிய வட்டுக்கான வசதி வேண்டுமா என்று எஃப்டிஸ்க் கேட்கும்போது 'ஆம்' என்று சொல்ல வேண்டும். மறுத்தால் ஃபாட்16 முறையே கிடைக்கும். அதில் 2 கிகாபைட் பகுதியொன்றில், 3 கிலோபைட் கடிதமும் 32 கிலோபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஃபாட்32 முறையில் இத்தகைய வட்டில் 4 கிலோபைட் போதும்.

கடிதங்களுக்குரிய டி பகுதிக்கு 600 மெகாபைட் என்றேன். "இவ்வளவு சிறிதா?" என்றார். குறுவட்டொன்றின் கொள்ளளவு 650 மெகாபைட். டி பகுதி நிறைந்தாலும் முழுவதையும் ஒரே குறுவட்டில் பதிந்துவிடலாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாற வேண்டியதில்லை. எஞ்சிய ஒரு கிகாபைட் சொச்சம் பாடல்களுக்கும் படங்களுக்கும். பிரித்துவிட்டாலே பாதுகாப்பு என்று எண்ணலாகாது. வன்தட்டு பழுதானால் எல்லாப் பகுதிகளும் ஒன்றாகவே போகும்.

2008இல் போர் அக்கரையோரமாக நகர்ந்தது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கணினியைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்த பையில் அந்தக் குறுவட்டும் இருந்ததாகப் பின்னர் அவர் சொன்னார். உறுதியைத் தொலைத்த சிலருக்கு, தங்கள் காணியின் எல்லை விபரங்கள் அக்கடிதங்களில்தான் மிஞ்சியிருந்தன.

வன்தட்டைப் பிரிக்கவிருக்கும் நண்பர்களுக்கு இன்றும் நான் சொல்வது இதுதான்: மீளப் பெறமுடியாதவற்றை முதலில் தனியே கணக்கிடுங்கள். அவற்றைச் சுமக்க எது கைவசம் இருக்கிறதோ, அதன் அளவுக்கே அப்பகுதியை அமையுங்கள்.