அணாக் காலத்து ஆசாமி

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பற்றுக்கும் வரவுக்கும் நடுவே ஒரு பைசா உதைத்தால்கூட சோறு இறங்காது. ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகும்வரை டீக்கு மேல் டீயாக இறங்கும்! அப்படிப்பட்ட என்னிடம் வந்து, "மாமா, பத்து பைசாவும் இருபது பைசாவும் சேர்ந்தா முப்பது பைசா இல்லையாம்!" என்றான், ப்ளஸ் டூ படிக்கும் அக்கா பையன்.

"எவன்டா சொன்னான்?"

"கம்ப்யூட்டர்!"

பைத்தானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டிக் காட்டினான். 0.30000000000000004 என்று வந்தது. 'இது 0.3-க்குச் சமமா?' என்று கேட்டான். 'இல்லை' என்று கறாராகச் சொல்லிவிட்டது.

மெஷினில் ரிப்பேர் எதுவும் இல்லை, சார். 1985-ல் வந்த ஐ.ட்ரிபிள்.இ. 754 என்ற விதிப்படி பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் புள்ளி வைத்த எண்களை இப்படித்தான் வைத்துக் கொள்கின்றன. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.3333 என்று முடிவில்லாமல் ஓடுகிறதல்லவா? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே. அதனால் ஒன்றைப் பத்தால் வகுத்தாலே அதற்கு அந்தக் கதி. 53 பிட்டோடு நிறுத்திக் கொண்டு, மிச்சத்தை 'ஏதோ கிட்டத்தட்ட' என்று முடித்துவிடும்.

ஆனால் அரை, கால், அரைக்கால், வீசம்... இதெல்லாம் துல்லியம்! இரண்டிரண்டாகப் பிரித்துக் கொண்டே போனால் அதற்குக் கொண்டாட்டம். 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வரும்வரை நமக்கு ரூபாய்க்குப் பதினாறு அணா. அந்த ஓரணாவைக் கம்ப்யூட்டர் இம்மி பிசகாமல் எழுதும். நம்முடைய பைசாக்களில் 25, 50, 75 மூன்றைத் தவிர மற்ற எதையும் ரூபாயின் பின்னமாக அதற்கு முழுசாக எழுத வராது. நம் தாத்தாக்களோடு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பேசியிருக்க வேண்டிய ஆசாமி!

சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை, வந்துகொண்டிருந்த ஸ்கட்டைக் கோட்டை விட்டது. 28 அமெரிக்க சிப்பாய்கள் செத்துப் போனார்கள். காரணம், அதே பத்தில் ஒன்று. அந்த இயந்திரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி, 24 பிட்டில் வெட்டி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத பிசகு. நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 விநாடி ஆகிவிட்டது. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

சரி, இந்த எண்களை எப்படித்தான் ஒப்பிடுவது? 'சமமா?' என்று கேட்கக் கூடாது. 'வித்தியாசம் எவ்வளவு? பொறுக்கலாமா?' என்று கேட்க வேண்டும். ஆடிட்டர்கள் 'மெட்டீரியாலிட்டி' என்று சொல்வார்களே, அதேதான். பெட்டிக்கடையில் நூறு ரூபாய் உதைத்தால் விவகாரம். பெரிய மில்லில் அது பென்சில் செலவு. ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் உதவாது. லட்சம் கோடியை நெருங்கும் எண்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவிலேயே 0.0001-க்கு மேல் இடைவெளி. அங்கே போய் 0.000001 வரைதான் பொறுப்பேன் என்றால் நடக்கிற காரியமா? எண்ணின் அளவுக்கு இத்தனை பங்கு என்று விகிதமாக வைப்பதே முறை. பைத்தானில் இதற்கென்றே இருக்கும் 'இஸ்க்ளோஸ்' நாமாக எதுவும் சொல்லாவிட்டால் நூறு கோடியில் ஒரு பங்கு வரை மன்னிக்கிறது.

இதிலும் ஒரு வில்லங்கம். பூஜ்யத்தோடு ஒப்பிடும்போது விகிதம் படுத்துவிடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு துளி மிஞ்சும். பூஜ்யத்தில் எத்தனை பங்கு அந்தத் துளி? அங்கே மட்டும் 'இவ்வளவுக்குள் இருந்தால் பூஜ்யம்' என்று நேரடியாக ஒரு எல்லை கட்ட வேண்டும்.

பணத்துக்கோ இந்த மன்னிப்பெல்லாம் ஆகாது. ரூபாயில் புள்ளி வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாகவே எழுதிவிட்டால் பத்தும் இருபதும் கண்ணை மூடிக்கொண்டு முப்பதுதான்.

எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மளிகைக் கணக்குக்கு ஒன்று, ஏவுகணைக்கு வேறொன்று. அதை முடிவு செய்து எழுதி வைக்க வேண்டியது நாம்தான். எழுதாமல் விட்டால், அது பாட்டுக்கு 'சமமில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பது ஆடிட்டர்தானே!