இறங்காதே என்று சொல்கிறவர்

காலை ஆறரை மணிக்கு வண்டியை நிழலில் போட்டுவிட்டு, வருகைப் பதிவேடு இருக்கும் அறைப்பக்கம்கூடத் திரும்பாமல் அவர் நேரே போவது கம்பிச் சல்லடைக்குத்தான். வைகையின் வடகரை வீடுகளில் ராத்திரி முழுக்க ஓடியதும், இப்போது எழுந்து குளிக்கிறவர்கள் விடுவதுமாகச் சேர்ந்த தண்ணீர், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையத்தில் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வரும் இடம் அது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு குனிந்து நிற்கிறார். பேச்சில்லை. முதலில் மூக்கு, அப்புறம்தான் கண்.

சாம்பல் நிறத்தில் சோப்பு வாடையோடு வந்தால் ராத்திரி ஒழுங்காகப் போயிருக்கிறது என்று அர்த்தம். கறுத்துப்போய், அழுகிய முட்டை வாடையோடு வந்தால் எங்கேயோ ஒரு பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் நின்று, குழாய்க்குள் தண்ணீர் நெடுநேரம் கிடந்து ஊறியிருக்கிறது. போனில் யாரும் சொல்லாத செய்தியை அந்த வாடை சொல்லிவிடும். இன்று சாம்பல்தான். முகத்தில் ஒரு தளர்வு தெரிகிறது.

சல்லடையில் சிக்கிக் கிடப்பவற்றைப் பார்த்தால் ஊரின் நேற்றைய நாள் தெரியும். ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை, பூக்கட்டிய வாழைநார், டயப்பர், கிழிந்த உள்பாவாடைத் துணி, நாப்கின். முகூர்த்த நாளுக்கு மறுநாள் என்றால் பிளாஸ்டிக் டம்ளரும் எலும்பும் கூடும். அள்ளிப் போடும் பையனுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருக்கிறான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இடுப்பையும் கையையும் மாறிமாறிப் பார்க்கிறார். பையன் கையுறையை மாட்டிக்கொள்கிறான்.

“இந்த நாப்கின்தான் தம்பி மோட்டாரக் கொல்லும். இங்க வந்தது பரவாயில்ல, வராம வழியில நின்னது எவ்வளவோ.”

மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர் அவர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். சங்கப் புலவர் கபிலரும் அந்த மண்தான் என்பார்கள். கண்மாய்க்குள் கல்தூண் ஒன்றின்மேல் புருஷாமிருகம் நிற்கும். அந்தத் தூணில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கரையில் நின்று பார்த்துப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் கழிவுநீர்க் கிணற்றின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருமறைநாதர் கோயில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுக் கிளம்பி, யானைமலையைப் பார்த்தபடி ஒத்தக்கடை வந்து, அங்கிருந்து சக்கிமங்கலம் வருகிறார். ஊரில் அவரை இன்ஜினியர் என்கிறார்கள். நிலையத்தில் சார். கிணற்றுப்பக்கம் வேலை செய்கிற மூத்த தொழிலாளி ஒருவர் மட்டும் ‘தம்பி’ என்று கூப்பிடுகிறார். அவரை இவர் ‘அண்ணே’ என்கிறார்.

மதுரையில் 1924இல் பாதாளச் சாக்கடை போடத் தொடங்கினார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது. 1971இல் மாநகராட்சி, 2011இல் 72 வார்டுகள் 100 ஆயின. புதிதாகச் சேர்ந்த ஊர்களெல்லாம் ஒரே நாளில் நகரமாகிவிட்டன. மண்ணுக்கடியில் குழாய் அப்படி ஒரே நாளில் வருமா? கழிவுநீருக்கும் ஆறுதான் எல்லை. தென்கரைத் தண்ணீர் அவனியாபுரம் வெள்ளைக்கல்லுக்குப் போகிறது. நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் அளவுக்குக் கட்டிய நிலையம் அது. வடகரைக்குச் சக்கிமங்கலம், 4 கோடியே 57 லட்சம் லிட்டர். மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் வந்தவை இரண்டும்.

எட்டு மணிக்குத் தண்ணீர் உச்சத்துக்கு வருகிறது. நகரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரம். மழை நாளில் இந்தக் கணக்கெல்லாம் உடைந்துபோகும். மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விட்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. அடைமழையில் மேன்ஹோல் மூடி மிதந்து எழுவதற்கு அதுவும் ஒரு காரணம். மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி வழி என்பதை எவ்வளவு சொன்னாலும் வீடு கட்டுகிறவர் காதில் ஏறுவதில்லை என்று அவர் வருத்தப்படுகிறார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வருத்தம்தான்.

பத்து மணி வாக்கில் அவர் செய்யும் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காற்றூட்டும் தொட்டியில் வாளியை இறக்கி மொண்டு எடுக்கிறார். ஒரு லிட்டர் கண்ணாடி அளவுச் சாடியில் ஊற்றி, ஜன்னலோரம் ஆடாத மேசையில் வைக்கிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைக்கிறார். முப்பது நிமிடம். அந்த நேரத்தில் மேசைமேல் யாரும் கைவைக்கக் கூடாது.

முதலில் சாடி முழுக்க ஒரே பழுப்புக் கலங்கல். இரண்டு மூன்று நிமிடத்தில் கலங்கல் திரிதிரியாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபஞ்சாகிறது. பிறகு விளிம்பில் மெல்லிய தெளிவு ஒன்று தோன்றுகிறது. தெளிவு கீழே கீழே இறங்க, பழுப்பு அடியில் அமுங்குகிறது. அரைமணி முடியும்போது மேல்பாதிக்கு அந்தப்புறம் இருக்கும் காலண்டரின் தேதி தெரிகிறது. சாடியை முகர்ந்து பார்க்கிறார். நல்ல கசடு நாறாது. மழை விழுந்த மண்ணின் வாசம்தான் இருக்கும். கறுத்து நாறினால் தொட்டிக்குள் காற்று போதவில்லை. படியாமல் உப்பி நின்றால் இழையிழையான பாக்டீரியா பெருகிவிட்டது. நோட்டில் ஒரு எண்ணை எழுதிவிட்டு, ப்ளோயர் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார். ஒரு லிட்டரில் இரண்டு மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசடில் இருக்கும் உயிர்கள் சரியாக வேலை செய்யாது.

இந்தக் கசடைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் கண்டது இங்கிலாந்தின் மான்செஸ்டரில், 1914இல். எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு பேர். சாக்கடை நீரை ஒரு புட்டியில் எடுத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முழுக்கச் சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்ததை அப்படியே விட்டு, அதன்மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. வேலை செய்தது காற்று மட்டுமில்லை, அடியில் தங்கிய உயிர்க்கூட்டமும்தான். தயிருக்கு உறை எடுத்து வைப்பதுதான் இந்தத் தத்துவமும். உலகத்து நகரங்கள் பல இன்றும் இந்த வழியில்தான் கழிவுநீரைத் தெளியவைக்கின்றன.

பதினொன்றரைக்குப் போன் வருகிறது. வடகரையில் ஒரு பம்பிங் ஸ்டேஷன். மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. துணியோ நாப்கினோ விசிறியில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். கிணற்று மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தெருவில் பொங்கும். அவர் போன் பேசுவதைக் கேட்டாலே போதும், இந்த உத்தியோகத்தின் முழுப் பாரமும் தெரிந்துவிடும்.

“பொங்கட்டும். பொங்குனா நான் பதில் சொல்லிக்கிறேன். ஒருத்தரும் எறங்கக் கூடாது. ஏணிய வெளிய எடுத்துப் போடு. எடுத்துட்டேன்னு சொல்லு, அப்பத்தான் போன வைப்பேன்.”

அங்கே போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருக்கிறது. தெருக்காரர் ஒருவர் சத்தம் போடுகிறார், வீட்டுக்குள் தண்ணீர் வரப்போகிறதாம். அவர் கைகூப்பி, “அரை மணி நேரம் பொறுங்கய்யா” என்கிறார். மூத்த தொழிலாளி கிணற்று விளிம்பில் குந்தியிருக்கிறார். “ரெண்டு நிமிச வேலை தம்பி. கயித்தக் கட்டி எறங்கி ஒரு இழு இழுத்தா வந்துரும். எத்தன தடவ எறங்கியிருக்கேன்.”

அவர் பதிலே பேசாமல் வாயுமானியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விடுகிறார். பாதி ஆழம் போவதற்குள் கருவி கத்துகிறது. மேலே இழுத்து எண்ணை அண்ணனிடம் காட்டுகிறார். ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது, காற்று சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் இறங்கியது இறங்கியதுதான். அனுபவம் உள்ளவரை அந்த அனுபவமே கொல்கிற இடம் இது.

2022 ஏப்ரலில் இதே நகரத்தில், பழங்காநத்தம் நேரு நகரில், மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் கழிவுநீர்க் கிணற்றில் விஷவாயு தாக்கி இறந்தார்கள். இத்தகைய சாவுகளில் முதல் ஆள் வேலைக்கு இறங்கியவர், அடுத்தவர்கள் பெரும்பாலும் அவரைத் தூக்கப் போனவர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக் குழியிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது. இறங்குகிறவர்கள் யார் என்பது மட்டும் மாறவில்லை. பட்டியல் சாதிகளிலிருந்து, அதிலும் அருந்ததியர் வீடுகளிலிருந்து, நாள் கூலிக்கு வருகிறவர்கள். இந்தத் தொழிலில் எத்தனை இயந்திரம் வாங்கினோம் என்று கணக்குச் சொல்வதைவிட, தண்ணீர் பொங்கும் நேரத்தில் ‘பொங்கட்டும்’ என்று சொல்ல ஒரு ஆளுக்கு அதிகாரமும் தைரியமும் இருக்கிறதா என்று கேட்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சூப்பர் சக்கர் லாரி வந்து கிணற்று மட்டத்தை உறிஞ்சி இறக்குகிறது. சங்கிலி போட்டு மோட்டாரை மேலே தூக்குகிறார்கள். விசிறியைச் சுற்றி ஒரு முழு நைலான் சேலை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றுவிட்டது. திட்டு நிறையக் கிடைத்தது. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தானே நின்று பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிவிட்டு, மூத்தவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார். அண்ணன் டீயைக் குடித்துவிட்டு, “ஒரு சேலைக்கு இம்புட்டு நேரமா” என்று முணுமுணுக்கிறார். அவரைப் பொறுத்தவரை தன் கைத்திறமையை மதிக்காமல் விட்டது போல. அந்த மனத்தாங்கல் இவருக்கும் புரிகிறது. “நீங்க சொல்லித்தாண்ணே இந்த வேலையே படிச்சேன்” என்கிறார்.

திரும்பும் வழியில் பந்தல்குடி வாய்க்காலைத் தாண்டுகிறோம். குழாய்க்குள் வராத கழிவுநீர் கறுப்பாக வைகையை நோக்கிப் போகிறது. தென்கரையில் கிருதுமால் நதிக்கும் இதே கதி. அயன்பாப்பாகுடிக் கண்மாயில் வெள்ளை நுரை பொங்கிச் சாலைக்கே வந்து விவசாயிகள் குமுறியது ஊரறிந்தது. தன் நிலையத்தில் சாடி தெளிந்துவிட்டால் மட்டும் ஆறு தெளியாது என்று அவருக்குத் தெரியும். வாய்க்காலைப் பார்க்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார். அவ்வளவுதான், ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் திருவாதவூர். கிராமத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். புதிதாக எழும்பும் ஒரு வீட்டின் பக்கவாட்டில் கொத்தனாரும் இரண்டு பையன்களும் நிற்கிறார்கள். தொட்டிக்கு மேல்தளம் போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. நடுவில் மழை. உள்ளே சென்ட்ரிங் பலகையும் முட்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு பையன் சட்டையைக் கழற்றிவிட்டு, ஆள்நுழையும் ஓட்டைக்குள் ஒரு காலை விட்டிருக்கிறான்.

வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடுகிறார். வண்டி விழுகிற சத்தத்தில் எல்லோரும் திரும்புகிறார்கள். பையனின் தோளைப் பிடித்து மேலே இழுக்கிறார்.

“என்னண்ணே, புதுத் தொட்டிதானே. இன்னும் ஒரு சொட்டுக்கூட விழல” என்கிறார் கொத்தனார்.

“புதுத் தொட்டின்னு எறங்கித்தாம்ப்பா சாகுறாய்ங்க.”

பிறகு பொறுமையாகச் சொல்கிறார். மூடிய தொட்டிக்குள் ஈரப்பலகை இரண்டு வாரம் கிடந்தால் பூஞ்சையும் கிருமியும் மரத்தைத் தின்றுகொண்டே உள்ளேயிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். வாடை இருக்காது. நிறமும் இருக்காது. இறங்கின ஆளுக்கு மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் மயக்கம் வரும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். பையன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டையிலிருந்து நாலடி தள்ளிப் போய் நிற்கிறான்.

“அப்ப பலகைய எப்படிண்ணே எடுக்குறது?”

“இன்னைக்கு இல்ல. ரெண்டு மூடியையும் தெறந்து போடு, சுத்தி முள்ளுப் போட்டு மறச்சு வை, பிள்ளைக வந்து எட்டிப் பாக்கும். காலையில காத்து ஊதுற மெஷின் ஒண்ணு வாடகைக்கு எடு. குழாய அடி வரைக்கும் விட்டு ஊதணும், மேலாப்புல ஊதிப் பிரயோசனமில்ல. நான் மீட்டரோட வர்றேன். ஆக்சிஜன் நூத்துக்கு இருபது புள்ளி ஒன்பது காட்டணும், பத்தொன்பதரைக்குக் கீழ இருந்தா நெனப்பே வேண்டாம். காட்டுனாலும் இடுப்புல கயித்தோடதான், மேல ரெண்டு பேர் நிக்கணும், உள்ள காத்து ஓடிக்கிட்டே இருக்கணும்.”

கொத்தனார் தலையைச் சொறிகிறார். பலகையை இன்று திருப்பிக் கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை ஏறும், மெஷின் வாடகை வேறு, பையன்களுக்கு நாளைக்கும் சம்பளம். இதையெல்லாம் யார் கொடுப்பது என்ற பேச்சு தொடங்குகிறது. வீட்டுக்காரர் வெளியே வந்து விஷயம் என்னவென்று கேட்கிறார். கேட்டுவிட்டு, பலகை வாடகையையும் மெஷின் வாடகையையும் தான் தருவதாகச் சொல்கிறார். பையன்களின் சம்பளத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. இவர் விழுந்து கிடந்த வண்டியை நிமிர்த்திவிட்டு, அதையும் பேசி முடிப்பதற்காகத் திண்ணையில் உட்கார்கிறார்.