அலைவாய்க் கரையில் ஒரு வண்ண நகர்

கனடா தேசத்தின் கீழ்க்கரையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கிய நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், லூனென்பேர்க் என்றொரு சிற்றூர் உண்டு. மாகாணத் தலைநகராகிய ஹலிபாக்ஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் சென்றால் இதனை அடையலாம். குடிமக்கள் 2,400 பேரளவினரே. ஆயினும் 1995 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதன் பழைய நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இப்பெருமை எவ்வாறு வாய்த்தது என்பதைச் சிறிது காண்போம்.

மிக்மாக் என்னும் ஆதிக்குடிகள் வாழ்ந்த இக்கரையில், 1753 இல் ஆங்கிலேயர் புதிய ஊரொன்றை நிறுவினர். ஜெர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்சின் மொன்பெலியார் ஆகிய இடங்களிலிருந்து வந்த புரட்டஸ்தாந்தரை இங்கே குடியேற்றினர். முன்னரே வகுத்த திட்டப்படி, தெருக்களைச் சதுரங்கப் பலகைபோல் நேர்கோட்டில் அமைத்து, 40 அடிக்கு 60 அடியாக மனைகளைப் பங்கிட்டனர். திட்டத்தை வரைந்தவர் இங்குள்ள குன்றைக் கண்டிலர் போலும்! தெருக்கள் வளைந்து கொடாமல் செங்குத்தாக மேலேறுகின்றன. ஏறி இளைத்து நின்று திரும்பினாலோ, துறைமுகம் முழுவதும் நம் கண்முன்னே விரிகிறது.

வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனப் பல வண்ணம் பூண்டவை. வாயிலுக்கு மேலே மாடிச் சாளரம் புடைத்து முன்னே நீண்டிருப்பது இவ்வூர்க்கே உரிய அழகு. குன்றின் உச்சியில், 1895 இல் எழுந்த பெரிய மரப் பள்ளிக்கூடம் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பயின்ற அக்கட்டடத்தில் இன்று நூல்நிலையமும் இசைப் பயிற்சிக்கூடமும் இயங்குகின்றன.

ஊரின் மூத்த திருச்சபை பரிசுத்த யோவான் ஆலயம். 2001 ஒக்டோபர் 31 ஆம் நாள் இரவு அதனைத் தீ தின்றது. இடித்தகற்றிப் புதுப்பாணியிற் கட்டுவதா, பழைய வடிவிலேயே எழுப்புவதா என்ற வினா எழுந்தது. ஊரவர் பழைய வடிவத்தையே வேண்டினர். மரவேலையில் வல்ல கைகள் அக்கரையில் இன்னும் இருந்தமையால் அது கைகூடியது. 2005 இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அழிந்த கட்டடத்தினும் அழியாத கைத்திறனே பெருஞ்செல்வம் என்பதை இங்கே உணர்கிறோம்.

அக்கைத்திறன் கப்பல் கட்டியதால் வளர்ந்தது. உழவராக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கடலோடிகளாயினர். 1921 இல் இங்கே நீரில் இறக்கப்பட்ட ‘புளூநோஸ்’ என்னும் பாய்க்கப்பல் மீன்பிடித்தது மட்டுமன்றி, அமெரிக்கக் கப்பல்களோடு பந்தயமோடி வெற்றிக்கோப்பையும் ஈட்டிற்று. கனடாவின் பத்துச்சத நாணயத்தில் 1937 முதல் பொறிக்கப்படுவது அதன் உருவமே. 1946 இல் அது ஹெயிற்றித் தீவருகே பாறையில் மோதி அழிந்தது. 1963 இல் அதே கப்பற்பட்டறையில் ‘புளூநோஸ் இரண்டு’ பிறந்தது. அதன் சொந்தத் துறையும் லூனென்பேர்க்கே.

துறைமுகத்தருகே செந்நிறக் கட்டடங்களில் அமைந்த மீன்பிடி அரும்பொருட்சாலையும் காணத்தக்கது. 1938 இல் கட்டிய ‘தெரேசா ஈ. கொனர்’ என்னும் பாய்க்கப்பல் அங்கே நிற்கிறது. அதன் தட்டில் அடுக்கிய சிறு தோணிகளை நோக்குங்கள். நடுக்கடலில், மூடுபனியில், அத்தோணிகளில் இவ்விருவராக இறங்கியே மீனவர் கொட் மீன் பிடித்தனர்.

அவர்களுட் பலர் திரும்பவில்லை. 1926, 1927 ஆம் ஆண்டுகளின் ஓகஸ்ட் புயல்கள் கப்பல்களை ஆட்களோடு விழுங்கின. கரையில், திசைகாட்டியின் வடிவில் நிறுத்திய கருங்கற்றூண்களில் மாண்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப்பெயர் மீண்டும் மீண்டும் வருவதைப் படிக்கையில் நம் நெஞ்சு கனக்கிறது.

1992 இல் அயலிலுள்ள நியூபவுண்ட்லாந்துக் கடலிலும், மறு ஆண்டில் நோவா ஸ்கோஷியாவின் கீழ்க்கடலிலும் கொட் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அளவின்றி அள்ளியதன் விளைவு அது. இன்று உல்லாசப் பயணிகளும் இவ்வூரை வாழவைக்கின்றனர். கோடையில் இங்கு செல்வோர் வண்ண வீடுகளைப் படம்பிடித்த பின், அக்கருங்கற்றூண்களின் முன் சிறிதுநேரம் நிற்பாராக. அவ்வீடுகளைக் கட்டிய செல்வம் எவ்விலைக்குக் கிடைத்ததென்பதை அங்குள்ள பெயர்கள் சொல்லும்.