ரேணிகுண்டாவில் ஒரு வாடகை வீடு

ரயில்வே ஊழியம் எம்மைக் கொணர்ந்து சேர்த்த ஊர் ரேணிகுண்டா. சென்னை–மும்பை இருப்புப் பாதையும் கூடூர்–காட்பாடிப் பாதையும் கூடும் சந்திப்பு இது; திருப்பதி சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது. 1911 வரை வட ஆர்க்காட்டையும் பின்னர்ச் சித்தூரையும் சார்ந்திருந்த இப்பகுதி, 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது.

மாற்றலாகி வரும் அன்பர்கள் முதலில் எண்ண வேண்டுவது வீடு. ரயில்வே குடியிருப்பில் இடம் கிடைத்தால் வீட்டு வாடகைப் படி இராது. வெளியே குடிபுகுந்தால் படியும் உண்டு, வாடகையும் உண்டு. பள்ளி, கல்லூரி வசதி திருப்பதியில் மிகுதி. ஆயினும் இரவு முறைப் பணி புரிவோர்க்கு நிலையத்தின் அருகே வசிப்பதே நலம். வீட்டைச் சித்திரை மாத நண்பகலில் சென்று பார்ப்பது அறிவுடைமை. மாடியறையின் வெப்பமும் குழாயில் வரும் நீரின் அளவும் அப்பொழுதே விளங்கும்.

தெலுங்கில் வாடகைக்கு 'அத்தெ' என்று பெயர். மாதந்தோறும் முதல் தேதியில் 'அத்தை' வருகின்றாள் என்று எம் இல்லத்துச் சிறுவர் நகைப்பர். அச்சிறுவர் பள்ளியில் தெலுங்கு எழுதுகின்றனர். தமிழைப் பேசுகின்றனரேயன்றி, பாட்டியின் கடிதத்தைப் படிக்க அறியார். இதுவே எம் கவலை. வீட்டுக்காரருக்குத் தவறாமல் வாடகை செலுத்தும் நாம், நாள்தோறும் அரைமணி நேரம் நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தைக் கற்பிக்கலாகாதா?