தொட்டியைத் துளைக்காமல் ஒரு புகலிடம்



உத்திரமேரூரிலிருந்து எந்தச் சாலை வழியே போனாலும் கடலைக் காண ஒரு மணி நேரம் ஆகும். இப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 120 லிட்டர் உப்புநீர் நிற்கிறது. பிள்ளைகளின் நெடுநாள் ஆசைக்காகச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து வாங்கி வந்த இரண்டு கோமாளி மீன்களும் சில நத்தைகளும் அதில் வாழ்கின்றன. மீன்கள் இரண்டும் பண்ணையில் பொரித்தவை. உயிர்ப்பவளம் எதுவும் வைக்கவில்லை. நம் நாட்டுக் கடற்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பதை வாங்குவோர் பலர் அறிவதில்லை.

ஒருநாள் அம்மா தொட்டியின் முன் அமர்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடல்ல இருக்க வேண்டியதக் கண்ணாடிக்குள்ள அடச்சு வச்சிருக்கீங்களே, நாளைக்கு இதுக்குக் கேள்வி இருக்குல்ல?"

கேள்வி இருக்கத்தான் செய்கிறது. வளர்ப்புப் பறவை இறந்து வருந்திய சிறுவர் அபூ உமைரிடம் நபி (ஸல்) அவர்கள் பரிவோடு பேசியதைக் கொண்டு, உயிர்களை வளர்க்க அனுமதி உண்டென்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஆனால் பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நமக்கு வந்திருக்கிறது. அவள் மீதான குற்றம் இரண்டு: தானும் உணவளிக்கவில்லை, அது தானே தேடி உண்ணவும் விடவில்லை. முதலாவதை எல்லோரும் நிறைவேற்றிவிடுகிறோம். டப்பாவில் தீனி இருக்கிறது. இரண்டாவதைக் கண்ணாடிக்குள் எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது.

இன்னொரு கவலையும் கூடவே இருந்தது. மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எங்கள் தொட்டியில் அந்த வட்டம் நைட்ரேட்டோடு நின்றுவிட்டது. சோதனைக் குப்பியில் நிறம் வாரந்தோறும் சிவந்துகொண்டே போனது. 40 பிபிஎம்மைத் தாண்டியது. தீர்வு நீர்மாற்றம்தான்: வாரம் 25 லிட்டரை வெளியேற்றி, விலைகொடுத்த உப்பைக் கரைத்துப் புதுநீர் ஊற்ற வேண்டும். வெளியேற்றிய உப்புநீரைத் தோட்டத்தில் கொட்டினால் மண் கெடும். ஒளூச் செய்யும்போதுகூட நீரை வீணாக்காதீர் என்று கற்றவர்களுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

இரண்டு கவலைக்கும் ஒரே மருந்தாகக் கிடைத்தது 'ரெஃப்யூஜியம்'. லத்தீனில் புகலிடம் என்று பொருள். பெரிய தொட்டியோடு இணைந்த ஒரு சிறு தொட்டி அது. மீன் நுழைய முடியாத அவ்விடத்தில் கடற்பாசி வளரும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அதுவே உண்ணும். பாசியின் இடுக்குகளில் கோப்பிபாட் எனும் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் உயிர்கள் பெருகி, நீரோடு வழிந்து, மீன்களுக்கு உயிருள்ள இரையாகும்.

இதற்காகத் தொட்டியின் பின்புறம் துளையிட வேண்டும் என்றார்கள். ஆனால் கடினப்படுத்திய கண்ணாடியில் துளையிட முயன்றால் பலகை முழுவதும் தூளாகிவிடும். எங்களுடையது எந்த வகைக் கண்ணாடி என்று தெரியாது. போதாததற்கு உள்ளே உயிர்கள். துளையிடாமலே சைஃபன் முறையில் நீரை வெளியே இழுக்கும் பெட்டிகள் விற்கின்றன. அவை எங்களுக்குச் சரிப்படவில்லை. மின்சாரம் போய் வரும் இடைவெளியில் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால், பம்பு மீண்டும் ஓடும்போது ஒரு பக்கம் நீர் ஏறும், மறுபக்கம் இறங்காது. கூடம் நனைந்துவிடும்.

விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தகச் சோழனின் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக உலகம் அறியும். கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவும் உண்டு. தேர்தலைப் பேசுவோர் அதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஏரி நிறைந்தால் யாரும் கரையை வெட்டுவதில்லை. கலங்கல் வழியே மிகைநீர் தானாக வழிந்து கீழேயுள்ள அடுத்த ஏரிக்குப் போகும். அப்படியென்றால் புகலிடம் மேலே இருக்க வேண்டும், பெரிய தொட்டி கீழே.

2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட சாதாரணக் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்யச் சொன்னோம். கடைக்காரர் ஒட்டுவதற்கு முன்பே அதன் பக்கப் பலகையில், விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே, துளையிட்டுத் தந்தார். பெரிய தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமான இரும்புத் தாங்கியில் அதை வைத்தோம். 40 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் மரப்பலகையை நம்பவில்லை. கீழிருந்து சிறு பம்பு நீரை மேலேற்றும். துளையில் பொருத்திய ஓரங்குலக் குழாய் வழியே அது திரும்ப இறங்கும்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? மேலே துளைக்கு மேற்பட்ட அரை அங்குல நீர் மட்டும் வழியும். கீழே ஓரங்குலம் இடம் விட்டிருக்கிறோம். ஏற்றுக்குழாயின் முனை மேல்தொட்டி நீருக்குள் மூழ்கக்கூடாது. மூழ்கினால் நீர் அதன் வழியே பின்வாங்கும். பாசி துளையை அடைத்துக்கொண்டால்? துளைக்கு வலை போட்டோம். அதுவும் அடைபடலாம் என்றெண்ணிப் பம்பின் வாயைக் கீழ்நீர்மட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழே மட்டும் வைத்தோம். அவ்வளவு நீரையும் இறைத்துவிட்டாலும் மேல்தொட்டியில் கொள்ள இடமிருக்கிறது. அதற்குப் பிறகு பம்பு காற்றைத்தான் இழுக்கும். தாளில் பெருக்கிப் பார்த்த கணக்கை, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் துளையைக் கையால் அடைத்துச் சோதித்தோம். தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

பாசியில் கீட்டோமார்ஃபா என்ற வகையைத் தேர்ந்தோம்; சிக்குண்ட பச்சை நைலான் நூல்போல் இருக்கும். நம் கடலிலேயே கிடைக்கும் காலர்ப்பா அழகானதுதான். ஆனால் சில வேளை இரவோடிரவாகக் கரைந்து, உண்ட சத்தையெல்லாம் நீரிலேயே உமிழ்ந்துவிடும். "நோன்பு திறக்கும்போது செய்வோமே, அந்தக் கடல்பாசியா இது?" என்று அம்மா கேட்டார். அது வேறு. இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசி போன்ற செம்பாசிகளிலிருந்து கிடைப்பது அகர் அகர். இது பச்சைப்பாசி, இஃப்தாருக்கு உதவாது.

மேல்தொட்டியின் விளக்கை மக்ரிபுக்கு ஏற்றி ஃபஜ்ருக்கு அணைக்கிறோம். கீழே இருளாக இருக்கும் நேரத்தில் மேலே பாசி கரியமில வாயுவை உட்கொள்வதால், இரவில் நீரின் காரத்தன்மை அதிகம் சரிவதில்லை. சாதாரண வெள்ளை எல்இடி விளக்கே போதும். இதற்கென விற்கும் விலையுயர்ந்த விளக்குகள் எங்களளவில் வீண்செலவு.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது வாரத்தில் நைட்ரேட் 10 பிபிஎம்முக்குக் கீழே வந்தது, அல்ஹம்துலில்லாஹ். நீர்மாற்றம் இப்போது மாதம் ஒருமுறைதான். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்ஓ நன்னீரை நாள்தோறும் ஊற்றுகிறோம். உப்பு ஆவியாவதில்லை என்பதால் உப்புநீர் ஊற்றக்கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடிப் பாசியைக் கிள்ளி, நன்கு அலசித் தென்னையடியில் போடுகிறோம். கிள்ளி வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் தொட்டியைவிட்டு நீங்கும்.

அம்மா இப்போது இஷாவுக்குப் பின் டார்ச் விளக்கோடு மேல்தொட்டியருகே நிற்கிறார். கண்ணாடியில் வெண்புள்ளிகள் துள்ளி நகர்கின்றன. அவற்றில் சில குழாயில் இறங்கும் இடத்தில், தீனி டப்பாவைத் திறக்காதபோதும், இரண்டு மீன்களும் காத்து நிற்கின்றன. சென்ற முறை கிள்ளிய பாசியில் பாதியை மதுராந்தகத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் தொட்டிநீரோடு பையில் கட்டி எடுத்துப் போனார்.