"கீறல் இல்லையே... அதான் தாயி சந்தேகம்!"

"நூறு வருடங்களைக் கடந்தும் ஒரு கீறல்கூட இல்லாத 1917-ம் வருட .303 ரைபிள்!"

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் நான் எழுதிய படக்குறிப்பு இது. ஷேர்கள் குவிந்தன. மாட்டிக்கொண்டது வாடிப்பட்டியில் இருக்கும் என் தாத்தாவிடம்!

தாத்தா போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். வார விடுமுறையில் ஊருக்குப் போனதும், என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார்.

"கீறல் இல்லைன்னு எழுதியிருக்கியே, அதான் தாயி சந்தேகம். இத்தனை பேர் கை மாறினது இப்படியா பளபளன்னு இருக்கும்?"

திண்ணையில் வைத்தே எனக்குப் பாடம் நடத்தினார். புதிதில் அடித்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். மெருகு ஏற்றும் முன் இரும்பைத் தேய்த்தால் எழுத்தும் மழுங்கிவிடும். கறுப்புப் பூச்சுக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தால், துருப்பிடித்த பிறகு பூசியது என்று அர்த்தம். உடல் பகுதியிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் போட்டிருந்தால், வேறொரு துப்பாக்கியின் பாகத்தை மாட்டியிருக்கிறார்கள்.

மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இந்த ரைபிள்களைத் தயாரித்ததோடு, பழையவற்றைப் புதுப்பித்தும் கொடுத்தது. முன்பக்க மரக்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி இருந்தால், பெரும்பாலும் அது இஷாப்பூர் கைவேலை. வெள்ளைக்காரன் காலத்து முத்திரை 'ஜி.ஆர்.ஐ.', சுதந்திரத்துக்குப் பிறகு 'ஆர்.எஃப்.ஐ.'. புதுப்பித்தவற்றில் 'எஃப்.ஆர்.' என்று வருடத்தோடு அடித்திருப்பார்கள். அப்படிச் செப்பனிட்டுச் செப்பனிட்டுத்தான் .303 நம் போலீஸ்காரர்களின் தோளில் இத்தனை காலம் தொங்கியது. உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020 ஜனவரி 26-ம் தேதிதான்.

என் படத்திலும் அந்த 'எஃப்.ஆர்.' இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

"அப்போ இது போலியா தாத்தா?"

"போலி எதுக்கு? பழுது பார்த்தோம்னு வருஷத்தோட அடிச்சிருக்கான்ல. அதை அழிச்சுட்டு, 'அப்படியே அசல்'னு விக்கிறான் பாரு... அவன்தான் போலி."

திங்கட்கிழமை அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். "சத்தமில்லாம வரியை மாத்திடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பக்கத்து சீட் நண்பர். ஒரு நிமிட வேலைதான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், அதுவும் முத்திரையை அழிக்கிற வேலைதானே?

குறிப்பை மாற்றினேன். கீழே, 'திருத்தம்: இது பின்னாளில் தொழிற்சாலையில் புதுப்பிக்கப்பட்ட ரைபிள். முன்பு தவறாகக் குறிப்பிட்டிருந்தோம்' என்று எழுதி, தேதியும் போட்டேன். இந்த முறை ஷேர் செய்ய ஆளில்லை.

ராத்திரி தாத்தாவிடம் இருந்து போன்.

"பார்த்தேன் தாயி. தேதி போட்டிருக்க."

"ஆமா தாத்தா."

"சரி... சாப்பிட்டியா?"